பட்டறையில் வராத புகை

எண்பதுகளின் தொடக்கத்தில் லூனாஸ் ஊரில் வண்டி பழுதுபார்க்கும் சிறிய பட்டறை வைத்திருந்தேன். டாக்சி ஓட்டும் மாணிக்கம் அண்ணன் ஒரு நாள் மத்தியானம் வந்து, என் டூல் பெட்டியின் மேல் ஒரு தாளை வைத்தார். சுங்கை பட்டாணியில் நடந்த அரசாங்க வாகனப் பரிசோதனையில் அவருடைய டீசல் டாக்சி இரண்டாவது தடவையும் தோல்வி. காரணம், கறுப்புப் புகை.

“என்ன தம்பி இது? நல்லாயிருக்குன்னு சொல்லித்தானே அனுப்புன? இன்னும் ஒரு தடவதான்லா. அதுலயும் போச்சுன்னா பெர்மிட்ட புடுங்கிருவாங்க. இந்த வயசுல நான் ரப்பர் தோட்டத்துக்குப் போயி பால் மரம் வெட்டவா?”

முதல் தடவைக்கு முன் ஏர் ஃபில்டர் மாற்றியிருந்தேன். இரண்டாவது தடவைக்கு முன் டீசலைப் பீய்ச்சும் நோசல் நான்கையும் கழற்றிக் கழுவி, வால்வ் கிளியரன்ஸ் பார்த்து, டீசல் பம்பின் டைமிங்கையும் சரி செய்தேன். பட்டறையில் ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்து எஞ்சினைச் சூடேற்றி, எக்ஸாஸ்ட் பைப்பின் வாயில் வெள்ளைக் கைக்குட்டையைப் பிடித்தபோது லேசாகத்தான் கறை பட்டது. பரிசோதனை அதிகாரி மிதித்தால் மட்டும் புகை அடுப்புக் கரி போல் வருகிறது. அது எப்படி?

ஜெபம் சொல்லாமல் நான் ஸ்பேனரைத் தொடுவதில்லை. தொலைந்ததைக் கண்டுபிடித்துத் தரும் அந்தோணியாரிடம் அந்த வாரம் முழுவதும் வேண்டினேன். ஆனால் எதைத் தொலைத்தேன் என்றே எனக்குத் தெரியவில்லை. நோசலை மறுபடியும் கழற்றினேன். குற்றம் ஒன்றும் இல்லை. அப்படியே மாட்டினேன்.

மூன்றாவது தடவை, வெட்கத்தோடு நானும் டாக்சியில் ஏறிக்கொண்டேன்.

வழியில் பாடாங் செராய் தாண்டியும் வண்டி முப்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டவில்லை. பின்னால் வந்த லாரிக்காரன் ஹார்ன் அடித்துத் திட்டிக்கொண்டே போனான்.

“ஏண்ணே, சாமி ஊர்வலமா போறோம்?”

“சும்மா இரு தம்பி. மிதிச்சா புகை வந்துரும். பொத்திப் பொத்திக் கொண்டு போறேன்.”

“போன ரெண்டு தடவையும் இப்படித்தான் போனீங்களா?”

“இத விட மெதுவா. அங்க லைன்ல ஒரு மணி நேரம் நின்னேன். எஞ்சின அடைக்கவே இல்ல, ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. சூடு ஆறிடக் கூடாதுல்ல?”

அப்போதுதான் எனக்குப் பிடிபட்டது. டீசல் எஞ்சினை இப்படித் தூங்க வைத்தால் கரியெல்லாம் பைப்பிலேயே தங்கும். அதிகாரி மிதித்ததும் மொத்தமாக வெளியே வரும்.

“அண்ணே, மூணாவது கியர்ல போட்டு நல்லா மிதிங்க.”

“பைத்தியமா உனக்கு?”

“என்னை நம்புங்கண்ணே.”

சொல்லிவிட்டேனே தவிர, எனக்கே முழு நம்பிக்கை இல்லை. அவர் மிதித்தார். பின்னால் ரோடே தெரியாத அளவுக்குக் கறுப்புப் புகை. “முருகா! போச்சு, என் பெர்மிட்டு போச்சு!” என்று கத்தினார். நான் மனதுக்குள் மாதாவைக் கூப்பிட்டேன். நான்கைந்து கிலோமீட்டர் போனதும் கண்ணாடியில் பார்த்தேன். பின்னால் வந்த பஸ் தெளிவாகத் தெரிந்தது.

வரிசையில் எஞ்சினை அடைக்கச் சொன்னேன். எங்கள் முறை வருவதற்குச் சற்று முன் ஸ்டார்ட் செய்து, நன்றாக இரண்டு மூன்று முறை மிதிக்க வைத்தேன். அதிகாரி மிதித்துப் பார்த்தார். சந்தேகத்தோடு மறுபடியும் மிதித்தார். “லூலூஸ்” என்றார். பாஸ்!

மாணிக்கம் அண்ணன் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். எனக்கும் கண் கலங்கியது.

“மன்னிச்சிருங்கண்ணே. எப்படி ஓட்டுறீங்கன்னு மொதல்லயே உங்களக் கேட்டிருக்கணும்” என்றேன்.

“கேட்டிருந்தா, நல்லாத்தான் ஓட்டுறேன்னு சொல்லியிருப்பேன்லா. மெதுவாப் போறது தப்புன்னு யாருக்குத் தெரியும்?”

அவர் சொன்னதும் சரிதான். இளம் மெக்கானிக்குகளுக்கு இதைத்தான் சொல்வேன். கேட்டால் மட்டும் போதாது. பானெட்டைத் திறக்கும் முன், வண்டிக்காரரை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் ஏறி உட்காருங்கள்.