ஒரு மணிக்கு வரும் காற்று

வெயிலைச் சமாளிப்பதில் தனக்கு மேல் ஆள் இல்லை என்பது அம்மாவின் அபிப்பிராயம். அதை மறுக்க எங்களிடமும் ஆதாரம் எதுவும் இல்லை. புதுச்சேரியில், கடற்கரைக்கு நடந்தே போய்விடக்கூடிய ஒரு தெருவில் எங்கள் வீடு. அம்மா பிறந்து வளர்ந்த வீடும் அதுதான். சித்திரை பிறந்ததும் வீடு அம்மாவின் நேரடி ஆட்சிக்குள் வந்துவிடும். காலை ஒன்பது மணிக்கு எல்லா ஜன்னல்களும் சாத்தப்படும். கூடத்துச் சிவப்புத் தரையில் தண்ணீர் தெளிக்கப்படும். மேற்கு ஜன்னலில் அப்பாவின் பழைய வேட்டி ஒன்று நனைந்து தொங்கும். பகல் ஒரு மணிவாக்கில் கடலிலிருந்து காற்று கிளம்பும். அம்மா கிழக்கு ஜன்னலின் ஒரு கதவை மட்டும் திறந்து கையை வெளியே நீட்டுவாள். "வந்துடுச்சு" என்று அவள் சொன்ன பிறகுதான் மற்ற ஜன்னல்களைத் திறக்கலாம். அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வுபெற்றவர். பாலைவனத்தில் எல்லாம் துப்பாக்கியோடு நின்றிருக்கிறார். அவரும் அந்த உத்தரவுக்குக் காத்திருப்பார்.

நான் சொல்வது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. அந்த மே மாதமே காற்று சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஒரு மணிக்குக் கையை நீட்டினால் அனல் அடித்தது. மூன்று மணிக்கு வந்தது. சில நாள் வரவே இல்லை. மாலையில் கடற்கரைச் சாலையில் நின்றவர்கள் எல்லாரும் இதைத்தான் பேசினார்கள். உழவர்கரைப் பக்கம் இருந்த மரத்தையெல்லாம் வெட்டி வீடு கட்டிவிட்டார்கள் என்றார் ஒருவர். உலகமே சூடாகிறது என்று எதிலோ படித்ததாக இன்னொருவர் சொன்னார். அம்மா இரண்டையும் ஒப்புக்கொள்ளவில்லை. "வரும். கொஞ்சம் லேட்டாவுது, அவ்ளோதான்" என்று காற்றுக்காகப் பரிந்து பேசினாள்.

அம்மாவுக்கு ஒரே அக்கா. என் பெரியம்மா. கல்யாணம் முடிந்த கையோடு கப்பலேறி பிரான்சுக்குப் போனவள். பெரியப்பாவுக்கும் பிரெஞ்சு ராணுவம்தான். அவர் காலமான பிறகு பாரிஸ் ஓரத்தில் ஒரு கட்டடத்தின் ஆறாவது மாடியில், தகரக் கூரைக்கு நேர் கீழே, தனியாக இருந்தாள். ஒரே மகன், எனக்கு அண்ணன் முறை, அதே ஊரின் இன்னொரு கோடியில் குடும்பத்தோடு இருந்தான். பெரியம்மா புதுச்சேரிக்கு வருவதென்றால் டிசம்பரில்தான் வருவாள். சீஸும் சோப்பும் நிறைந்த பெட்டியை இறக்கிவைத்துவிட்டு, "இந்த வெயில்ல எப்படித்தான் கெடக்கறீங்களோ" என்பாள். டிசம்பரில். அம்மா அப்போது சால்வை போர்த்தியிருப்பாள்.

அக்காவும் தங்கையும் பேசிக்கொள்வதற்கு ஒரு முறை இருந்தது. பிரான்சில் ஆள் இருக்கிற எல்லா வீட்டிலும் அந்த முறைதான். இங்கிருந்து ஒரு ரிங் கொடுத்து வைத்துவிட வேண்டும். அங்கே மலிவான போன் கார்டு கிடைக்கும். அவர்கள் திரும்பக் கூப்பிடுவார்கள். யாரும் போனை முழுசாக அடிக்கவிட மாட்டார்கள். அது ஊதாரித்தனம்.

ஆகஸ்டில் ஒருநாள் அப்பா கேபிளில் வரும் பிரெஞ்சு சேனலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "கனிக்குலாம்" என்றார். கடும் வெயில் அலைக்கு அவர்கள் வைத்த பெயர். திரையில் பாரிஸ்காரர்கள் நீரூற்றில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு டாக்டர், வயதானவர்கள் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று மிகவும் கவலையோடு சொன்னார்.

"நாப்பது டிகிரியாம். அதுக்குப் போயி நியூஸ் வாசிக்கிறான் பாரு. நம்ம ஊருல நாப்பதுன்னா வெள்ளரிப்பிஞ்சு வாங்குவோம்" என்றார் அப்பா.

நாங்கள் எல்லாரும் சிரித்தோம். எதிர்வீட்டு அம்மாவும் வந்து சிரித்துவிட்டுப் போனார். அவருடைய மருமகன் பாரிஸில் ரயிலில் வேலை பார்த்தார். வேலைக்குச் சட்டை போடவே முடியவில்லை என்று அவர் சொன்னாராம். அதற்கும் சிரித்தோம். எத்தனையோ வருடங்களாகக் குளிர், பனி, மேல்கோட்டு என்று பெருமை பேசிய ஊர். அதற்கு வியர்க்கிறது என்றால் கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது.

அன்றைக்கு ஒரு ரிங் கொடுத்ததும் பெரியம்மா கூப்பிட்டாள். கம்பி இல்லாமலே கேட்கும்படி பேசுகிறவள் அவள். போனைச் சுற்றி நின்ற எங்கள் எல்லாருக்கும் கேட்டது. ஆனால் குரல் களைத்திருந்தது.

"அடுப்புக்குள்ள ஒக்காந்த மாதிரி இருக்குடி. ஃபேன் வாங்கலாம்னா கடைக்குக் கடை தீந்து போச்சாம். டிவில என்னன்னா, பகல்ல ஜன்னலைத் தொறக்காதீங்க, எல்லாத்தையும் மூடி இருட்டாக்கி வையிங்கன்றான்."

"அவனுங்களுக்கு வெயிலப் பத்தி என்னாக்கா தெரியும்?" என்றாள் அம்மா. "காத்தாலயே சாத்திடு, அது சரி. ஒரு மணிக்குத் தொறந்துடு. எல்லா ஜன்னலையும் தொற. காத்து வரும்."

"இங்க காத்தே இல்லடி."

"மூடி வெச்சா எங்கேருந்து வரும்?"

பெரியம்மா யோசித்தாள். "அதுவும் சரிதான்" என்றாள். பிறகு அக்கா என்கிற கெத்து வந்துவிட்டது. "எனக்கே சொல்றியா? நீ பொறக்கறதுக்கு முன்னாலயே அந்த வீட்டு ஜன்னலைத் தொறந்தவடி நான்."

போனை வைத்ததும் நான் அம்மாவிடம் கேட்டேன்: "பாரிஸ்ல கடல் ஏதும்மா? ஒரு மணிக்கு எந்தக் காத்து வரும்?"

அம்மா பிரான்சுக்குப் போனதில்லை. ஆனால் அக்காவை வழியனுப்பியவள். "கடல் இல்லாமதான் கப்பல்ல போனாளா?" என்றாள்.

நான் அப்பாவைப் பார்த்தேன். கப்பல் வந்து சேர்ந்த துறைமுகத்துக்கும் பாரிஸுக்கும் நடுவில் எத்தனை மணிநேர ரயில் என்று அவருக்குத் தெரியும். அவர் டிவியைப் பார்த்துக்கொண்டே, "ஆறு ஒண்ணு ஓடுது" என்றார். அத்தோடு விஷயம் முடிந்தது. நாற்பது வருடக் குடித்தனத்தில் எங்கே வாயைத் திறக்கக் கூடாது என்று அவர் கற்றிருந்தார்.

ஃபேன் விஷயத்தில் மட்டும் அம்மாவுக்கு மனசு ஆறவில்லை. மறுநாளே நேரு வீதிக்குப் போய் ஒரு டேபிள் ஃபேன் வாங்கி வந்தாள். தெருமுனையில் ஒரு பெண் அந்த வாரம் பாரிஸுக்குக் கிளம்புகிறாள் என்று கேள்விப்பட்டு, பெட்டியோடு அவள் வீட்டுக்கே போனோம். பிரான்சிலிருந்து புதுச்சேரிக்கு எல்லாச் சாமானும் வருவதைப் பார்த்திருந்த அந்த வீட்டார், புதுச்சேரியிலிருந்து பிரான்சுக்கு ஃபேன் போவதைப் பார்த்து வாயடைத்துப் போனார்கள். "கரண்ட் ஒண்ணுதான், ப்ளக்தான் வேற" என்று அப்பா தொழில்நுட்ப விளக்கம் கொடுத்தார். அந்தப் பெண் மரியாதையாக மறுத்துவிட்டு, வேண்டுமானால் ஊறுகாய் எடுத்துப் போவதாகச் சொன்னாள். ஃபேனைக் கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தோம்.

அந்த வாரம் முழுக்க அக்காவும் தங்கையும் தினமும் பேசினார்கள். ஈரத்துணி போடு என்றாள் அம்மா. போட்டாள். மோர் கரைத்துக் குடி என்றாள். குடித்தாள். "தொறந்தியா?" என்பாள். "தொறந்துதான் வெச்சிருக்கேன், இன்னும் வரல" என்று பதில் வரும். "வரும்" என்பாள் அம்மா. அண்ணன் குடும்பத்தோடு விடுமுறைக்குத் தெற்கே கடலோரம் போயிருந்தான். ஆகஸ்டில் அந்த ஊரில் எல்லாரும் போய்விடுவார்களாம். கட்டடத்தைப் பார்த்துக்கொள்கிற அம்மாளும் போய்விட்டிருந்தாள். கீழ்வீட்டிலும் ஆளில்லை. "நல்லதாப் போச்சு, சத்தம் இல்லாம இருக்கு" என்றாள் பெரியம்மா.

பிறகு ஒருநாள் நாங்கள் ரிங் கொடுத்தோம், போன் வரவில்லை. கடைக்குப் போயிருப்பாள் என்றோம். மதியம் இன்னொரு ரிங். தூங்குவாள் என்றோம். சாயங்காலம் அப்பா எழுந்து வந்து, "முழுசா அடிக்கவிடு" என்றார். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் சொல்லாத வார்த்தை அது. அடிக்கவிட்டோம். அடித்து அடித்து அதுவாகவே நின்றது. அம்மா போனைக் காதிலிருந்து எடுக்கவே இல்லை. அண்ணனின் செல்போனில் ஒரு பெண் குரல் பிரெஞ்சில் ஏதோ சொன்னது. பிறகு கூப்பிடுங்கள் என்று அர்த்தமாம்.

எனக்குப் பயத்தில் கோபம்தான் வந்தது. செருப்புகூடப் போடாமல் எதிர்வீட்டுக்கு ஓடினேன். அந்த அம்மா மருமகனைக் கூப்பிட்டார். ரிங் கொடுத்துவிட்டு வைக்கவில்லை, பேசினார். மருமகன் வேலை முடிந்த களைப்போடு ஊரின் மறுகோடிக்குப் போனார். லிஃப்ட் ஓடவில்லையாம். ஆறு மாடி ஏறி, தீயணைப்புக்காரர்களை வரவழைத்துக் கதவை உடைத்தார்கள். பெரியம்மா சமையலறைத் தரையில், ஓடு பதித்த இடத்தில், ஈரத்துணியை மேலே போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். மூச்சு இருந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவில் கட்டில் போட்டார்களாம். உள்ளே இடம் இல்லை. மறுநாள் இறந்துபோனாள்.

அண்ணன் வந்து சேர்ந்தான். அடக்கத்துக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. அவ்வளவு பேர் இறந்திருந்தார்கள், எல்லாரும் வயதானவர்கள், பலர் தனியாக. டிவியில் இப்போது அந்த டாக்டர் கோபமாகப் பேசினார். அப்பா சத்தத்தைக் குறைத்துவிட்டு மொழிபெயர்த்தார்: "க்ளிமா, அதான் பருவநிலை, மாறுதாம். இனிமே இது அடிக்கடி வருமாம்." யாரும் சிரிக்கவில்லை.

இங்கே மாதா கோயிலில் ஒரு பூசை வைத்தோம். துக்கம் கேட்க வந்தவர்கள், "என்ன ஆச்சு?" என்றார்கள். "வெயில்" என்றாள் அம்மா. "இல்ல, அக்காவுக்கு என்னா ஆச்சு?" என்று மறுபடியும் கேட்டார்கள். பிரான்சில் வெயிலில் செத்துப்போனாள், அதுவும் பாண்டிச்சேரிப் பெண் செத்துப்போனாள் என்றால், ஏதோ மறைக்கிறோம் என்று நினைத்தார்கள். அரியாங்குப்பத்திலிருந்து வந்த ஒரு உறவுக்காரர், "அங்கதான் ஸ்னோ கொட்டுமே" என்று என்னிடம் விளக்கம் கேட்டார். அவரை அடிக்காமல் இருந்ததை இன்றைக்கும் நான் பெருமையாக நினைக்கிறேன். நாலு பேருக்குப் பிறகு அம்மா, "மாரடைப்பு" என்று சொல்ல ஆரம்பித்தாள். எல்லாரும் திருப்தியோடு தலையை ஆட்டினார்கள்.

ஜன்னலைப் பற்றி வீட்டில் பேச்சே இல்லை. திறந்ததால்தான் போனாள் என்று யாரும் சொல்லவில்லை. மூடியிருந்தால் பிழைத்திருப்பாள் என்றும் சொல்லவில்லை. அடுத்த கோடையில் ஏசி வாங்கினோம். தெருவில் அது முதல் ஏசி இல்லை. பக்கத்து வீட்டு ஏசி விடுகிற அனல் எங்கள் கூடத்துக்கு வர ஆரம்பித்துப் பல மாதம் ஆகியிருந்தது. எங்களுடையது அதற்கு அடுத்த வீட்டைக் கவனித்துக்கொண்டது. கரண்ட் போகிற நேரங்களில் தெருவே வாசலில் வந்து நிற்கும். அம்மா எந்த ஜன்னலையும் திறப்பதில்லை. கையை நீட்டிப் பார்ப்பதும் இல்லை.

வருஷ பூசைக்கு அண்ணன் தனியாக வந்தான். இளைத்திருந்தான். பூசை முடிந்து, வந்தவர்கள் போன பிறகு கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். அவன் தமிழ் கொஞ்சம் தடுமாறும். யோசித்து யோசித்துப் பேசுவான்.

"ஒண்ணுதான் சின்னம்மா எனக்குப் புரியல. டிவில, ரேடியோல, எல்லாத்துலயும் மூடி வெக்கச் சொன்னாங்க. நான் போயி பாக்கறப்ப எல்லா ஜன்னலும் தொறந்து கெடக்குது. அம்மாவுக்கு விவரம் தெரியாதா என்ன? ஏன் அப்படித் தொறந்து வெச்சிருந்தாங்க?"

அப்பா வேகமாக, "புழுக்கமா இருந்திருக்கும்பா" என்றார். அது நல்ல பதில்தான். அதோடு விட்டிருந்தால் அவனும் விட்டிருப்பான். நான் அம்மாவின் கையைப் பிடித்தேன். அவள் கையை விலக்கிக்கொண்டாள்.

"நாந்தான் தொறக்கச் சொன்னேன். டிவிக்காரனுக்கு ஒண்ணும் தெரியாது, ஒரு மணிக்குக் காத்து வரும்னு சொன்னேன். தெனம் போன் பண்ணி, தொறந்தியா தொறந்தியான்னு கேட்டேன்" என்றாள் அம்மா. அவள் குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. எனக்குத்தான் அழுகை வந்தது.

அண்ணன் திட்டுவான் என்றுதான் நினைத்தேன். திட்டியிருந்தால் அம்மாவுக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"நான் அந்த வாரம் பூரா கடலோரத்துல இருந்தேன் சின்னம்மா" என்றான். "அங்க மத்தியானம் நல்லா காத்து வந்துச்சு. நாங்க ஜன்னலைத் தொறந்து வெச்சுதான் தூங்கனோம். அம்மாவுக்கு ஒரு போன்கூடப் பண்ணல."