வெள்ளை வட்டம் போட்ட ஆமை

ஆமை வளர்ப்பில் என் முதல் சாதனை, ஐந்து முட்டைகளை ஒரு கோழிக்கு அடியில் வைத்து அழுக வைத்தது. எங்கள் வடகரப்பதிப் பக்கத்தில் எந்த முட்டை கிடைத்தாலும் அடைக்கோழிக்குக் கீழே தள்ளிவிடுவார்கள். வாத்து முட்டை அப்படிப் பொரிந்ததை நானே பார்த்திருக்கிறேன். ஆமை மட்டும் என்ன ஒசத்தி என்று நினைத்தேன். கோழி தன் கடமையில் ஒரு குறையும் வைக்கவில்லை. தினமும் முட்டைகளை அலகால் புரட்டிப் புரட்டிச் சூடு கொடுத்தது. ஆமை முட்டையைப் புரட்டினால் உள்ளே கரு செத்துவிடும் என்பது கோழிக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இருபத்தோராம் நாள் குஞ்சு பார்க்க வாருங்கள் என்று அக்கம்பக்கத்தில் வேறு சொல்லி வைத்திருந்தேன். வந்தவர்களுக்கு நாற்றம்தான் கிடைத்தது.

எழுபதுகளின் நடுவில் நடந்த கதை இது. பாலக்காட்டில் பிரீ-டிகிரி படிக்கப் போய், தேறாமல் ஊர் திரும்பியிருந்தேன். அப்பா இல்லை. அம்மாவும் நானும், நாலு ஏக்கர் நிலக்கடலையும். ஏதாவது ஒன்றில் ஊர் மெச்சப் பேர் எடுத்துவிட வேண்டும் என்ற வெறி மட்டும் எனக்கு ஏராளமாக இருந்தது. எங்கள் பக்கம் கிணற்றில் ஆமை விடுவது உண்டு. புழுபூச்சியைத் தின்று தண்ணீரைச் சுத்தமாக வைக்கும் என்பார்கள். ஆனால் நல்ல ஆமை வேண்டுமென்றால் கொல்லங்கோட்டுக் குளங்களில் யாராவது பிடித்துக் கொடுத்தால்தான் உண்டு. நாமே வளர்த்துக் கொடுத்தால் என்ன என்று எனக்குத் தோன்றியது. அதே ஆமை வீட்டுக்குள் நுழைந்தால் குடும்பம் விளங்காது என்றும் அதே ஊர்தான் சொல்லும் என்பதை நான் கணக்கில் எடுக்கவில்லை. ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்படாது என்று அம்மா ஆரம்பத்திலேயே சொன்னாள். மாட்டுச் சாளைக்குப் பின்னால் என்ன வேண்டுமானாலும் செய்துகொள், வாசற்படி மட்டும் தாண்டக்கூடாது என்றாள்.

மறு வருடம் கோழிக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, முட்டைகளை மணலில் இட்டது இட்டபடி விட்டேன். இரண்டரை மாதம் கழித்து நான்கு குஞ்சுகள் வெளியே வந்தன. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவற்றோடு, குளத்திலிருந்து கொண்டுவந்து வளர்த்த பெரிய ஆமைகளும் சில இருந்தன. எல்லாவற்றின் ஓட்டிலும் வெள்ளைப் பெயிண்டால் ஒரு வட்டம் போட்டேன். எந்தக் கிணற்றில் எட்டிப் பார்த்தாலும் இது இன்னாருடைய சரக்கு என்று தெரிய வேண்டுமாம்.

முதல் ஆமையை ஊரிலேயே பெரிய தோட்டக்காரரிடம் கொடுத்தேன். தூரத்து உறவில் எனக்கு மாமா. அவர் கிணற்றில் ஒன்று விட்டால் மற்றவர்கள் தானாக வருவார்கள் என்பது என் ராஜதந்திரம். அந்த ஐப்பசியில் என்றும் இல்லாத மழை. கிணறு வாய்வரை நிறைந்தது. என் ஆமை படியேறி, களத்தைக் கடந்து, மாமாவின் சமையல்கட்டில் அரிசிப் பானைக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொண்டது.

எனக்கு ஆள் வந்தது. போனபோது பாதி ஊர் அங்கே நின்றது. யாருடையது என்று கேட்க வேண்டிய அவசியமே இல்லை. ஓட்டில் வட்டம் பளிச்சென்று இருந்தது. மாமா கோபப்படவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"ஏனுங் மாப்ளே, உங்க ஊட்டுக்குள்ளார இத உடுவீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

வாயை மூடிக்கொண்டு ஆமையைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கலாம். "அதுக்கென்னங் மாமா, உடறனுங்க" என்று சொல்லித் தொலைத்தேன். அப்படியென்றால் அடுத்த ஐப்பசி வரை பார்ப்போம் என்றார். அதுவரை என் வீட்டில் கெட்டது ஒன்றும் நடக்காவிட்டால் தானே வந்து இரண்டு ஆமை வாங்குவதாகவும், பத்துப் பேரிடம் சொல்வதாகவும் எல்லோர் முன்னாலும் சொன்னார். நடந்துவிட்டால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை. கூட்டம் என் பின்னாலேயே வந்தது. அம்மா வாசலில் நின்றுகொண்டிருந்தாள். என் கையைப் பார்த்தாள், பின்னால் வந்த கூட்டத்தைப் பார்த்தாள். ஒதுங்கி வழிவிட்டாள். இறக்கி விட்டதும் ஆமை உள்ளே நடந்துபோய் ஆட்டுக்கல்லுக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதுவும் கெட்டுப்போக உரிமை இல்லாமல் போயிற்று. கிணற்று மோட்டார் எரிந்தது. எண்ணெய் விடக் கொண்டுபோகிறேன் என்று சாக்குப் போட்டு மூடி எடுத்துப் போனேன். எருமை பாலை நிறுத்தியது. கன்றுக்கே விட்டுவிடுகிறோம் என்று தர்மப்பிரபு மாதிரி சொன்னேன். எனக்கே மஞ்சள் காமாலை வந்தது. பொள்ளாச்சியில் கல்யாணம் என்று சொல்லிவிட்டுப் போய், ஒரு சிநேகிதன் வீட்டில் மூன்று வாரம் கீழாநெல்லி குடித்துக்கொண்டு கிடந்தேன். இத்தனை நாள் நடக்கிற கல்யாணம் எது என்று யாரும் கேட்கவில்லை. என் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆமைக்கு மட்டும் ராஜ உபசாரம். காலையில் கீரை, மாலையில் மண்புழு. கண் தெளிவாக இருக்கிறதா, கால் நகம் உடைந்திருக்கிறதா என்று தினமும் தூக்கிப் பார்ப்பேன்.

ஐப்பசி பிறந்தது. மாமா சொன்ன சொல் தவறாமல் வந்தார். வீட்டைச் சுற்றிப் பார்த்தார், ஆமையைப் பார்த்தார். அம்மா மோர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்துவிட்டு, "சும்மா சொல்லக் கூடாதுங் மாப்ளே, ஒண்ணும் ஆகலீங்க" என்றார். இரண்டு ஆமைகளைக் கூடையில் வைத்துக் கொடுத்தேன். அவர் வண்டி இட்டேரித் தடத்தில் திரும்பி மறைகிற வரைக்கும் வாசலில் நின்றேன். எனக்குத் துள்ளிக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

உள்ளே வந்தால் அம்மா ஆட்டுக்கல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். முந்தானைக்குள்ளிருந்து இடது கையை வெளியே எடுத்து மடியில் வைத்திருந்தாள். மணிக்கட்டு வீங்கி, ஒரு பக்கமாகக் கோணியிருந்தது.

"இனி வைத்தியர்கிட்டப் போலாமா, சாமி?" என்றாள்.

ஆவணியில் கிணற்றடியில் வழுக்கி விழுந்தாளாம். இரண்டு மாதம் அந்தக் கையோடுதான் தண்ணீர் சுமந்திருக்கிறாள், மாவு ஆட்டியிருக்கிறாள். ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். எனக்குக் கத்துவதற்கு என்ன யோக்கியதை இருந்தது என்று இப்போதும் தெரியவில்லை.

"சொன்னா உன்ற ஆமையத்தான சாமி சொல்லுவாங்க" என்றாள்.

எலும்பு தப்பாகக் கூடிவிட்டது, இனி நேராகாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். மாமா சொன்ன பத்துப் பேர் நூறு பேராகி, கொழிஞ்சாம்பாறையிலிருந்தெல்லாம் ஆமை கேட்டு வர ஆரம்பித்தார்கள். ஆமை புகுந்தும் ஒன்றும் ஆகாத வீடு இதுதானா என்று கேட்டுக்கொண்டே உள்ளே வருவார்கள். அம்மா முந்தானையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டு, வலது கையால் மோர் கொடுப்பாள். நான் அவள் முகத்தைப் பார்க்காமல், "ஆமாங்க, ஒண்ணும் ஆகலீங்க" என்பேன்.