மத்தியான ஊசி

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் முதலுதவி அறையில் நான் நர்ஸ். கம்பெனியில் அத்தனை பேருக்கும் நான் 'சிஸ்டர்'. வேலைக்குப் புதிதாகச் சேரும் பெண்களுக்கு முதல் நாள் ஒரு வகுப்பு எடுப்பதும் என் தலையில்தான் விழும். பாடம் ஊசி. தையல் மிஷினில் ஊசி உடைந்தால் எல்லாத் துண்டுகளையும் தேடி எடுத்து ரிஜிஸ்டரில் ஒட்ட வேண்டும். ஒரு துண்டு குறைந்தாலும் அங்கே தைத்த ஷூக்கள் வெளியே போகாது. புடவையில் குத்தியிருக்கும் ஊக்கைக்கூட கேட்டிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும். வெறுமனே சொன்னால் கொட்டாவி விடுவார்கள். அதனால் கொஞ்சம் கூட்டிச் சொல்வேன். "எங்கியோ ஒரு கொழந்த புது ஷூவ ஆசையா மாட்டும். நீ உட்ட ஊசி மொனை அது கால்ல ஏறும்." அதற்கப்புறம் ஒருத்தியும் கொட்டாவி விட்டதில்லை. எனக்கு அதில் ஒரு பெருமையும் இருந்தது.

ஊசியைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி இல்லாமல் இல்லை. ஒடுகத்தூரில் ஒரு டாக்டரிடம் வேலை பழகியபோது கண்ணாடி சிரிஞ்சுதான். ஸ்டவ்வில் தண்ணீர் கொதிக்க, சிரிஞ்சும் ஊசியும் தட்டுக்குள் கடகடவென்று ஆடிக்கொண்டிருக்கும். ஊசித் துளை அடைத்துக்கொண்டால் மெல்லிய கம்பி விட்டுக் குத்த வேண்டும். முனை மழுங்கினால் சாணைக்கல்லில் தேய்த்து, பஞ்சில் இழுத்துப் பார்க்க வேண்டும். பஞ்சு சிக்கினால் முனை வளைந்திருக்கிறது என்று அர்த்தம். கூட்டம் ஜாஸ்தியான நாளில் யார் பஞ்சில் இழுத்துப் பார்த்தார்கள்? நிலத்தில் மல்லாட்டைச் செடி பிடுங்கிவிட்டு வந்த பெண்கள் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கிக்கொண்டு போவார்கள். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. அப்புறம் காகித உறையில் பிளாஸ்டிக் சிரிஞ்சு வந்தது. ஒருமுறை போட்டதும் வீசு என்றார்கள். வீச மனசு வராமல் ஆரம்பத்தில் அதையும் கொதிக்க வைத்து, அது கோணிக்கொண்டு போய் டாக்டரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். இன்றைக்கு இன்சுலின் சிரிஞ்சின் ஊசி மயிரிழை மாதிரி இருக்கிறது. போட்டுக்கொள்கிறவர்களே சில நாள் குத்தியது தெரியவில்லை என்கிறார்கள்.

போன வருஷம் ஒரு நாள் காலை பத்தரை மணி இருக்கும். தையல் ஹாலிலிருந்து ஒரு பெண்ணை இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். ஏழு மாத வயிறு. ஜாக்கெட் வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்தது. கை நடுங்கியது, பேச்சு குழறியது. விரலில் குத்திப் பார்த்தேன். சர்க்கரை பாதாளத்தில் கிடந்தது. குளுக்கோஸைக் கரைத்து மடக்கு மடக்காகக் குடிக்க வைத்தேன். கால் மணி நேரத்தில் முகத்துக்குக் களை வந்தது.

"இன்சுலின் போடுறியா?"

"ஆமா சிஸ்டர். மாசமானதுல இருந்து சுகர். மூணு வேளையும் சாப்பாட்டுக்கு முன்னாடி போட சொன்னாங்க."

"காலையில எவ்ளோ போட்ட?"

"காலையதும் மத்தியானத்துதும்."

"இன்னா? ரெண்டையும் சேர்த்தா?"

"மத்தியானம் இங்க போட முடியாதே. மொதல்ல மத்தியானத்த உட்டுட்டு இருந்தேன். சுகர் ஏறிப்போச்சு, இப்படியே இருந்தா புள்ளைக்கு ஆபத்துன்னு டாக்டரம்மா திட்டுனாங்க. அதான் மூணு நாளா காலையிலயே சேர்த்துப் போட்டுட்டு பஸ் ஏறுறேன். வேலைய உட்டா பேஜார் சிஸ்டர்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வயிற்றுப் பிள்ளைக்காரி என்றும் பார்க்காமல் கத்தினேன். "பத்தடி தூரத்துல நான் ஒருத்தி குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்கேன். ஏங்கிட்ட வந்து சொல்றதுக்கு இன்னா?"

அவள் முந்தானையைத் திருகிக்கொண்டே சொன்னாள்: "நீங்கதானே சிஸ்டர் சொன்னீங்க. ஒரு ஊசி உள்ள வந்தாலும் எங்கியோ ஒரு கொழந்த கால்ல ஏறும்னு. ஏங்கிட்ட இருந்து உழுந்துச்சுன்னா? எனக்கும் ஒண்ணு வரப்போவுதே."

முகம் தெரியாத ஒரு குழந்தையின் காலுக்காக இவள் தன் குழந்தையைப் பணயம் வைத்திருக்கிறாள், அதுவும் என் வாய் சாமர்த்தியத்தை நம்பி. அன்றைக்குப் போல் என்னை நான் வெறுத்தது கிடையாது.

கம்பெனி வண்டியிலேயே அவள் காட்டும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஸ்கேன் அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்த நேரத்தில் எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். குழந்தையின் துடிப்பு நன்றாக இருந்தது. "இன்னொரு தடவ சுகர் இப்படி எறங்குனா நான் பொறுப்பில்ல," என்றார் டாக்டரம்மா. அவர் சொன்னது அவளிடம் என்றாலும், பார்த்தது என்னை.

மறுநாள் மேனேஜரிடம் போனேன். சிரிஞ்சு கேட்டிலிருந்து நேராக என் அறைக்கு வரும், மருந்து என் ஃபிரிட்ஜில் இருக்கும், ஹாலுக்குள் கால் வைக்காது என்றேன். அவர் நல்ல மனிதர்தான், ஆனால் ரிஜிஸ்டரையே கல்யாணம் கட்டிக்கொண்ட மனிதர். "போட்ட ஊசிய முழுசா திருப்பிக் காட்டணும் சிஸ்டர், அதான் ரூல்," என்றார். போட்ட ஊசியை உடனே வெட்டிப் போட வேண்டும் என்பது என் ரூல். "வெட்டுனா ஒடஞ்ச ஊசி ஆயிடுமே, எல்லாத் துண்டும் வேணுமே," என்றார். ஊசி வெட்டும் டப்பாவைக் கொண்டுபோய் அவர் மேஜைமேல் வைத்து, "நீங்களே எண்ணிக்குங்க சார்," என்றேன். உள்ளே ரத்தக் கறையோடு கிடந்த துண்டுகளை எட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டார். கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

அதிலிருந்து அவள் பிரசவ லீவில் போகிறவரை தினமும் மத்தியானம் என் அறையில் ஊசி போட்டுக்கொண்டாள். புது ஆட்களுக்கு எடுக்கும் வகுப்பில் இப்போது நான் குழந்தைக் கால் கதையைச் சொல்வதில்லை. யாருக்கு என்ன மருந்து, யாருக்கு என்ன ஊசி என்பதைத்தான் முதலில் கேட்கிறேன். ஒருத்தி சொன்ன பிறகு இன்னொருத்தி கை தூக்குகிறாள்.

பெண் குழந்தை பிறந்தது. ஒன்றரை மாதத்தில் தடுப்பூசிக்கு என்னையும் கூப்பிட்டாள், போனேன். இப்போதைய தடுப்பூசி சிரிஞ்சு ஒருமுறை அழுத்தினால் பூட்டிக்கொள்ளும், மறுபடி இழுக்க வராது. அங்கிருந்த நர்ஸ் இளம்பெண். தொடையில் குத்தி, ஒரே அழுத்தில் மருந்தை ஏற்றி, ஊசியை வெளியே எடுத்தாள். குழந்தை வீறிட்டது. தாய் குழந்தையைத் தூக்கித் தோளில் போடவில்லை. தொடையைக் கட்டை விரலால் மெல்ல வருடிப் பார்த்தாள். பிறகு நர்ஸிடம் கேட்டாள்:

"ஊசி முழுசா வெளிய வந்துடுச்சா, பாத்தீங்களா?"

நர்ஸ் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த சிரிஞ்சை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, முனை இருக்கிறது என்று அவளுக்குக் காட்டினேன். அதற்கப்புறம்தான் அவள் குழந்தையைத் தூக்கினாள்.