நொச்சி ஒத்தடம்

ராஜபாளையம் பஸ்ஸில் பக்கத்தில் வந்து உட்கார்ந்த பெண்ணின் முழங்காலிலிருந்து நொச்சியும் எண்ணெயும் கலந்த வாசனை எழுந்ததும் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஸ்ரீவில்லிபுத்தூரில் இதே வாசனை வீசிய நாட்டு வைத்தியர் வீடு இருந்த இடத்தில் இன்று செல்போன் கடை. வீட்டை இடித்துவிட்டார்கள் என்று கேட்டபோது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. நூல் மில்லில் அறுந்த இழைகளை முடிந்து முடிந்தே விரல் மூட்டுகள் வீங்கிப்போன அம்மாவோடு சின்ன வயதில் வாரந்தோறும் அங்கே போவேன். புகை படிந்த அறையில், நொச்சி இலை கட்டிய துணிப் பொட்டணத்தைச் சுடு எண்ணெயில் தோய்த்து அவள் கையில் ஒற்றியபடி வைத்தியர் வைதுகொண்டே இருப்பார். ஒருநாள் கேட்டார்:

"பச்சத்தண்ணியில கை வச்சியா?"

"இல்லீங்கய்யா" என்றாள் அம்மா.

"நேத்து துணி துவைச்சியேம்மா" என்றேன். எனக்கு எட்டு வயது.

வைத்தியர் பொட்டணத்தைச் சட்டியில் எறிந்தார். "பொய் சொல்லுதவளுக்கு என் மருந்து எதுக்கு? எந்திரி. இனி இந்தப் பக்கம் வராத."

 வீட்டுக்கு வந்ததும் அம்மா அழுக்குத்துணி வாளியை என் காலடியில் தள்ளினாள்.

"நான் துவைக்காம யாரு துவைப்பா? உங்கப்பனா, அந்த வைத்தியனா? இனி நீயே துவைட்டி."

துவைத்தேன், கல்யாணமாகிப் போகும்வரை. மடங்காத விரல்களோடு அம்மா மில்லுக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாள். அன்றைக்குப் பிறகு என்னை எங்கேயும் கூட்டிப் போகவில்லை.