எல்லை தாண்டிக் கட்டிய மாடுகள்

இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஓணம் முடிந்த மறுவாரம். பாறசாலையை அடுத்து எங்கள் வீடு இருக்கும் இடத்தில் இரண்டு வேலிக்கு நடுவே போகும் ஒரு சின்ன இடவழிதான் எல்லை. இந்தப் பக்கம் கேரளம், அந்தப் பக்கம் தமிழ்நாடு. என் அண்ணன் வீடும், விளை என்று நாங்கள் சொல்லும் அவன் தோட்டமும் அந்தப் பக்கம். இங்கிருந்து கூப்பிட்டால் அங்கே கேட்கும்.

அந்த வாரம் ஒரு பெண்பிள்ளை கட்டுக் காகிதத்தோடு எங்கள் வார்டுக்கு வந்தாள். காஞ்சிரங்குளத்துக்கு அந்தப் பக்கம் கடலோரத்துப் பிள்ளை, அப்பா வள்ளத்தில் மீன் பிடிக்கப் போகிறவர். பொருளாதாரத்தில் ஆராய்ச்சி செய்கிறாளாம். வீட்டில் எத்தனை பேர், என்ன வேலை, ஆடு மாடு உண்டா என்று வீடுவீடாகக் கேட்டு எழுதவேண்டும், நாளைக் காலையில் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஆடு மாடு என்றதும் எனக்கு ரேஷன் கார்டு ஞாபகம்தான் வந்தது. மாடு வைத்திருக்கிறவர்களின் ஏழைக் கார்டை வெட்டப் போகிறார்கள் என்று ரேஷன் கடையில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்த சமயம். என் வீட்டுக்காரருக்கு ரப்பர் வெட்டு, மரத்தைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. மழை பெய்தால் வேலை கிடையாது. அந்த ரேஷன் அரிசி இல்லாமல் எங்களால் ஆகாது. அதனால் ஒரு யோசனை சொன்னேன். ஆமாம், சொன்னது நான்தான்.

"மாட்டை எல்லாம் எனக்க அண்ணனுக்க விளையில கொண்டு கெட்டுவோம். அது தமிழ்நாடு ஆக்கும். இங்கத்த ஆபீசுக்கு அங்க என்ன காரியம்?"

"மாட்டுக்குப் பாஸ்போர்ட் வேண்டாமா பிள்ளே?" என்று வடக்கு வீட்டு அக்கா கேட்டாள். ஆனால் முதலில் மாட்டை அவிழ்த்தவளும் அவள்தான்.

விடிவதற்குள் எங்கள் மாடுகள் எல்லாம் மாநிலம் மாறிவிட்டன. அந்தப் பிள்ளை வந்தாள். எல்லா வீட்டிலும் மாடு இல்லை என்றே சொன்னார்கள். நானும் சாமி விளக்கைப் பின்னால் வைத்துக்கொண்டு அதையே சொன்னேன். பால் விட்டுக் கொடுத்தால் மாட்டிக்கொள்வோமே என்று அவளுக்குக் கட்டன்சாயாதான் கொடுத்தேன். நல்லா இருக்கு அக்கா என்று குடித்துவிட்டுப் போனாள். அன்று சாயங்காலமே மாடுகள் தொழுவத்துக்குத் திரும்பிவிட்டன.

நாலைந்து மாதம் கழித்து ஒரு நாள் மத்தியானம் திரும்ப வந்தாள். முகம் வாடிப் போயிருந்தது. இருக்கச் சொன்னேன்.

"அக்கா, உங்க வார்டில மாடே இல்லைன்னு எழுதிக் கொடுத்தேன். பால் சங்கத்துக் கணக்கில இந்த வார்டிலேருந்து நெறைய பால் வருது. நான் வீடுவீடா வரவே இல்லை, வீட்டில இருந்தே எழுதினேன்னு எனக்க சார் சொல்லுதாரு. இந்த மாசத்துக்குள்ள சரியான விவரம் கொடுக்கலேன்னா ஆராய்ச்சியை நிறுத்திருவாராம். எங்க தப்பு வந்துதுன்னு எனக்கு மனசிலாகல்ல."

அந்த நேரம் பார்த்துப் பின்னால் தொழுவத்தில் என் மாடு கத்தியது.

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பொய் சொன்னவள் நான், பொய்க்காரி என்று பெயர் வாங்கியவள் அவள். தெய்வமே, எந்த முகத்தோடு இனி உன் முன்னால் விளக்கு வைப்பேன் என்று உள்ளுக்குள் வெந்துபோனேன்.

அவள் கோபப்படவில்லை. "என்னத்துக்குப் பயந்தீங்க அக்கா?" என்று மட்டும் கேட்டாள். கார்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினாள். அதில் எங்கள் யார் பெயரும் இல்லை, வெறும் நம்பர்தான். இது படிப்புக்கு உள்ளது, ரேஷன் ஆபீசுக்குப் போகாது என்றாள். "இதை அண்ணைக்கே நான் சொல்லியிருக்கணும். தப்பு எனக்கதும் உண்டு."

கைகால் கழுவி விளக்கைக் கும்பிட்டுவிட்டு, வீடுவீடாக உண்மையைச் சொல்ல வைப்பதற்கு அவளோடு இறங்கினேன். முதலில் வடக்கு வீடு.

"கெட்டச் சொன்னதும் நீ, இப்பம் காட்டச் சொல்லுததும் நீ" என்று அக்கா பிடித்துக்கொண்டாள். "எனக்க கார்டு போனா நீயா அரி தருவே?"

"தருவேன். எனக்குக் கிட்டுததில பாதி தருவேன்."

"உனக்க கார்டும் போனா?"

அந்தப் பிள்ளைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதைப் பார்த்து அக்காவும் சிரித்துவிட்டாள். "செரி மக்கா, வா. வந்து எனக்க மாட்டைப் பாரு" என்று தொழுவத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள்.

அதன் பிறகும் எல்லாரும் லேசில் வழிக்கு வரவில்லை. ஒரு வீட்டில் எங்களைப் படி ஏறவே விடவில்லை. மறுநாளும் போய் நின்றோம். மூன்று நாள் நடந்து அத்தனை வீட்டிலும் புதுத் தாளில் எழுதி முடித்தோம். கார்டுக்குப் பயந்து போர்வைக்குள் ஒளித்திருந்த டிவிகூட வெளியே வந்தது.

அடுத்த வாரம் அந்தச் சாரே ஜீப்பில் வந்தார். ஒவ்வொரு தொழுவமாகப் பார்த்தார். கடைசியில் எங்கள் முற்றத்தில் எல்லார் முன்னாலும், "நான் சொன்னது தப்பு. நீ எழுதினதுதான் சரி" என்று அவளிடம் சொன்னார். அப்போதுதான் எனக்கு மூச்சே வந்தது. யாருடைய கார்டும் போகவில்லை.

அவள் டாக்டர் பட்டம் வாங்கினாள். வாங்கிய கையோடு வந்து, எங்களைப் பற்றி எழுதியதை எங்களுக்கே வாசித்துக் காட்டினாள். மழைக்காலத்தில் வெட்டு நின்றுபோனால் இந்த வார்டில் அடுப்பு எரிவது பெண்கள் வளர்க்கும் மாட்டின் பாலால்தான் என்று எழுதியிருந்தாள். நாங்கள் அதை ஒரு வேலை என்று நினைத்ததே இல்லை. அன்றைக்கு வடக்கு வீட்டு அக்கா அவள் வீட்டுக்காரரை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள்!

பிறகு அவள் கல்லூரியில் டீச்சரானாள், பேராசிரியையானாள், வெளிநாட்டுக்கெல்லாம் போய்ப் பேசினாள். ஓணத்துக்கு ஓணம் கூப்பிடுவாள். போன மாதம் கூப்பிட்டது வேறு விஷயத்துக்கு. ஒரு பல்கலைக்கழகத்துக்கே அவளைத் துணைவேந்தராக்கிவிட்டார்கள். பதவி ஏற்கிற அன்றைக்கு நானும் அக்காவும் கட்டாயம் வரவேண்டும் என்றாள்.

சிவன் கோவிலில் ஒரு அர்ச்சனை செய்துவிட்டு பஸ் ஏறினோம். பெரிய மண்டபம். முன்வரிசையில் அவள் அப்பா கஞ்சி போட்ட வேட்டியில் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார், கடலில் காய்ந்த அந்தக் கறுப்போடு. அவள் கையெழுத்துப் போட்டு நிமிர்ந்ததும் மண்டபம் முழுக்க எழுந்து கை தட்டியது. நானும் தட்டினேன். கண்ணீர் வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

"நாம அண்ணைக்கு நடக்காம இருந்திருந்தா?" என்று அக்கா காதருகே கேட்டாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

நான் அதிகம் படித்தவள் இல்லை, கோவில் குளம் தவிரப் பெரிதாக எங்கும் போனதும் இல்லை. ஆனால் ஒரு பிள்ளையின் உழைப்பை என் ஒரு பொய்யிலிருந்து மீட்பதற்காக வீடுவீடாக ஏறி இறங்கிய அந்த மூன்று நாளைத்தான் என் ஆயுளில் நான் செய்த பெரிய வழிபாடாக இன்றும் நினைக்கிறேன்.