ஆம்பல் தொட்டிக்கு அடியில்

கரமனையில் எங்கள் பழைய வீட்டை இடித்துக் கட்டிய ஃபிளாட்டின் கீழ்த்தளத்தில், மழைக்குப் பின் தேங்கியிருந்த தண்ணீரில் இன்று கார் சாவி விழுந்தபோது, ஒரு சேற்று வாசனை எழுந்தது. எங்கள் தோட்டத்துக் குளத்தின் வாசனையேதான்.

அந்தக் குளத்தில் அம்மா ஆம்பல் வளர்த்தாள். கிழங்கை நட்ட மண்தொட்டியைச் செங்கல் அடுக்கின்மேல் வைத்து, இலைகள் மேலே வந்து விரிய விரிய, ஒவ்வொரு கல்லாக எடுத்துத் தொட்டியை ஆழத்துக்கு இறக்குவாள். இடுப்பளவு தண்ணீரில் நின்று இரண்டு கைகளாலும் அவள் தொட்டியைத் தூக்கிப் பிடித்திருக்க, கல்லை உருவுவது என் வேலை. படியில் குப்புறப் படுத்து, இலைகளுக்கடியில் கறுத்துக் கிடந்த நீருக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவும்போது, வழுவழுவென்று ஏதோ விரல்களைச் சுற்றி மெல்ல நழுவும்.

"அம்மா, என்னமோ தொடறது!"

"வேராக்கும்டீ. கண்ணை மூடிண்டு எடு, எனக்குக் கை வலிக்கறது."

அம்மா சொன்னால் அது வேர்தான்.

இன்றும் கண்ணை மூடிக்கொண்டுதான் சாவிக்காகக் கையை விட்டேன். வழுவழுவென்று ஏதோ விரல்களைச் சுற்றி, மெல்ல நழுவியது.

"வேராக்கும்" என்று வாய்விட்டே சொன்னேன்.

தண்ணீருக்கடியில் இருந்தது வெறும் சிமென்ட் தரை.