பழனிக்கு நேர்ந்த முடி

என் தம்பி மூன்று பேரைக் கொன்றான். எங்கள் ஊர் பூண்டியில் எல்லாருக்கும் தெரியும். மறைத்து எழுத ஒன்றும் இல்லை.

பூண்டுக்குத் தண்ணீர் விடுவதில் பக்கத்துத் தோட்டக்காரனோடு சண்டை. குடித்துவிட்டுப் போய் அவன் குடிசைக்குத் தீ வைத்தான். அவன், அவன் பெண்சாதி, உள்ளே தூங்கிய பிள்ளை. பிள்ளை இருந்தது தெரியாது என்று கோர்ட்டில் சொன்னான். தெரியாமலும் இருந்திருக்கலாம். எரிந்தது எரிந்ததுதான்.

திண்டுக்கல் கோர்ட்டில் தூக்கு என்றார்கள். மேல்கோர்ட்டு ஒத்துக்கொண்டால்தான் கயிறு என்றும் சொன்னார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் கொடைக்கானலில் இறங்கி முருகன் கோயிலுக்குப் போனேன். அங்கே நின்றால் கீழே பழனி தெரியும். அன்று மேகம் மூடிக் கிடந்தது. பழனி இருக்கிற பக்கமாகக் கும்பிட்டேன். கயிறு மட்டும் வேண்டாம், அவனைக் கூட்டிவந்து உன் மலையில் மொட்டை போடுகிறேன் என்றேன். வேண்டும்போது யார் யோசித்து வேண்டுகிறார்கள்.

ஜெயிலில் போய் அவனிடம் சொன்னேன்.

"ஏலே, முடியில கை வெக்க விடாத. பழனிக்கு நேந்திருக்கு."

"சரிக்கா."

நேர்ந்த முடியில் இடையில் கத்தரி படக்கூடாது. ஜெயிலில் இதெல்லாம் நடக்குமா என்று நினைத்தேன். தூக்குக் கைதி என்று பார்த்தார்களோ என்னவோ, அவன் கேட்டதும் விட்டுவிட்டார்கள். முடி கழுத்துக்குக் கீழே வந்தது. ரப்பர் போட்டுக் கட்டியிருந்தான்.

"சடை பின்னி விடவாலே?"

சிரித்தான். கம்பிக்கு அந்தப் பக்கம்.

சர்க்கார் வைத்துக்கொடுத்த வக்கீல் ஒரு சின்னப் பெண். அவள் போன் செய்தபோது கேரட் கழுவிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, கயிறு இல்ல. ரத்து பண்ணிட்டாங்க."

அப்படியே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"எப்படிம்மா விட்டாங்க?"

"கொலை பண்ணினவனுக்கும் உயிர் வாழ உரிமை இருக்குன்னு அரசியல் சட்டம் சொல்லுதுக்கா. வேற வழியே இல்லைன்னாத்தான் தூக்கு. இவருக்கு முன்ன ஒரு கேஸு கெடையாது, உள்ளயும் ஒழுங்கா இருக்காரு, திருந்துவாருன்னு தீர்ப்புல எழுதிருக்காங்க."

"அப்ப எப்பம்மா வருவான்?"

"வரமாட்டாருக்கா. சாகுற வரைக்கும் உள்ளதான். தலைவர் பொறந்தநாளுக்கு ஆளுகள விடுவாங்கல்ல, அதுவும் இவருக்குக் கெடையாது."

திருந்தி எங்கே போவான் என்று கேட்க வாய் வரை வந்தது. அந்தப் பெண் என்ன செய்வாள். விட்டுவிட்டேன்.

ஒரே ஒரு நாளைக்கு, போலீஸ் காவலோடு, பழனிக்கு மட்டும் விடச் சொல்லி அவளே எழுதிப் போட்டாள். இந்தத் தண்டனைக்கு அப்படி விடுவதில்லை என்று பதில் வந்தது.

அடுத்த தடவை போனபோது அவன் தலை ஒட்ட வெட்டியிருந்தது. இனி நீ தூக்குக் கைதி இல்லை, மற்றவனுக்கு உள்ளதுதான் உனக்கும் என்று சொல்லி வெட்டினார்களாம்.

"ஓசியில மொட்டை போட்டுட்டாங்கக்கா. பழனிக்கு பஸ் செலவு மிச்சம்."

"முருகனுக்கு நேந்ததுலே அது."

"கயிறு வேண்டாம்னு கேட்ட. குடுத்துட்டாரு. அவரு சோலி முடிஞ்சது." தலையைத் தடவிக்கொண்டான். "தூக்குல போட அம்புட்டு யோசிக்கிறாங்க. உள்ள எத்தன வருசம் வெக்கலாம்னு ஒருத்தரும் யோசிக்கலக்கா."

பிறகும் போய்க்கொண்டிருந்தேன். போன மாதம் வெள்ளனே பூண்டியில் பஸ்ஸுக்கு நின்றபோது, செத்துப்போன அந்தத் தோட்டக்காரன் பெண்சாதியின் அம்மா வந்து பக்கத்தில் நின்றாள். தீ வைத்த நாளிலிருந்து அவள் என்னோடு பேசியதில்லை.

"தம்பியப் பாக்கவா?"

"ஆமாங்க."

"ஒனக்குப் போயிப் பாக்க ஆளு இருக்கு. நான் எந்த பஸ்ஸுல ஏறட்டும்?"

பஸ் வந்தது. ஏறினேன். அவள் அங்கேயே நின்றாள்.

ஜெயிலில் ஆளைப் பார்ப்பதை மனு என்பார்கள். அன்று அவன் மனுவுக்கு வரவில்லை. காவலர் உள்ளே போய்விட்டு வந்தார்.

"வரமாட்டேங்குறாம்மா. இனிமே உங்களையும் வரவேண்டாம்னு சொல்லச் சொன்னான்."

"ஒடம்புக்கு ஏதும்ங்களா?"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. நல்லா சாப்பிடுறான். வேலை செய்யுறான். உங்களப் பாத்துட்டு உள்ள திரும்பி வர முடியலங்கிறான்."

மனு நேரம் முடியும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மனசு மாறி வருவான் என்று பார்த்தேன். வரவில்லை. கொண்டுபோன தின்பண்டத்தைக் காவலரிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.

அவனுக்கு வயது முப்பத்தி நான்கு. எங்கள் அப்பா எண்பது தாண்டித்தான் போனார். அவருடைய அப்பாவும் அப்படித்தான். எங்கள் வீட்டு ஆண்களுக்கு உடம்பு கெட்டி.